நிறத்துக்காக ஓர் உயிர்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குச் செல்வோர் அங்கு உலவும் மயில்களைப் பார்த்திருப்பார்கள். 1947இல் பரோடா மகாராணி அனுப்பிவைத்த வெள்ளை மயில் ஒன்றும் ரமணரின் இறுதிக் காலத்தில் அங்கு வளர்ந்தது. வெள்ளை மயில் தனி இனம் அன்று. இறகுகளில் நிறமி படியாமல் தடுக்கும் மரபணு மாற்றத்தால் பிறப்பது. இத்தகைய அரிய மாற்றங்களைத் தேடிப்பிடித்து, ஒன்றோடொன்று இணைத்து விற்பது இன்று உலகளாவிய வணிகமாகிவிட்டது. அதில் முன்னிற்பது ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு.

இந்த வணிகத்தின் கணக்கு எளிது. கருநிறமி அற்ற பாம்பு ஒன்றையும் உடலில் வெண்திட்டுகள் கொண்ட பாம்பு ஒன்றையும் இணைசேர்த்தால், குட்டிகள் பொதுவாக இயல்பான நிறத்திலேயே பிறக்கும். இரண்டுமே ஒடுங்கு பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அக்குட்டிகளையே வளர்த்துத் தமக்குள் இணைத்தால், இரு பண்புகளும் சேர்ந்த குட்டி பிறக்கும் வாய்ப்பு 16இல் 1. ஓர் ஈற்றுக்குக் கிடைப்பதோ சுமார் ஆறு முட்டைகள். விலை உயர்வதும், உடன்பிறந்த பாம்புகளே இணைசேர்க்கப்படுவதும் இதனால்தான்.

இழப்பு பாம்புக்கு. ‘சிலந்தி’ என்ற பெயரில் விற்கப்படும் வகையின் உடலில் மெல்லிய கறுப்புக் கோடுகள் வலைபோல் பின்னியிருக்கும். அந்த அழகோடு தலைநடுக்கமும் வருகிறது. சில பாம்புகள் இரையைக் குறிதவறுகின்றன. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பின் குறைபாட்டை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. கோலத்தைத் தரும் பண்பே குறையையும் சுமக்கிறது. வேறு நிறங்களோடு அதைக் கலக்கும்போது குறையும் கூடவே செல்கிறது.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த பயணி ஒருவரின் பைகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவுசெய்வதற்கான விதிகள் 2024இல் வந்தன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். இது நல்ல தொடக்கம். ஆனால், பதிவேடு பாம்புகளின் எண்ணிக்கையைச் சொல்லும். தலை நடுங்குவதைச் சொல்லாது.

துன்பம் தரும் என்று தெரிந்த பண்புகளுக்காக உயிர்களைப் பெருக்குவதை வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் வரும்வரை, வாங்குவோர் விலைக்கு முன் ஒன்றைக் கேட்கலாம்: இந்தக் கோலத்தோடு என்ன குறை பிறக்கிறது?