தண்ணீர் 'எச்.டூ.ஓ'தானா? 50 வருடம் நடந்த சண்டையும் ப்ளஸ் ஒன் மாணவர்களை மிரட்டும் 'மோல்' கணக்கும்!

ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தண்ணீரின் ஃபார்முலாவைச் சொல்லிவிடும். எச்.டூ.ஓ! இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். வேதியியல் பக்கமே போகாத தாத்தா பாட்டிகளுக்கும் இது தெரியும். ஆனால் 1850-களில் ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்குப் போய் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஒரு பேராசிரியர் 'எச்.ஓ' என்றிருப்பார். இன்னொருவர் 'எச்.டூ.ஓ' என்றிருப்பார். இருவரிடமும் நல்ல தராசு இருந்தது. இருவரும் போட்ட எடையிலும் தவறில்லை. பிறகு எங்கே இடித்தது?

சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகள் ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்ததும் முட்டிக்கொள்ளும் இடமும் அதுதான். முதல் பாடத்திலேயே 'மோல்' வந்து நிற்கும். கூடவே 6.022, பெருக்கல், 10-ன் அடுக்கு 23 என்று ஒரு ராட்சச எண். 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'ஃபார்முலா, மனப்பாடம் பண்ணிக்கோ'. அப்படி மனப்பாடம் செய்து கடந்துபோன பிள்ளைக்கு அடுத்த இரண்டு வருடங்களும் கெமிஸ்ட்ரி கசப்பு மருந்துதான். இத்தனைக்கும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு நல்ல கதை.

தாம்பூலப் பைக்குள் எத்தனை எலுமிச்சை?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பூலப் பைகள் கட்டி அடுக்கியாகிவிட்டது. ஒவ்வொரு பையிலும் ஒரு தேங்காய், கூடவே எலுமிச்சம்பழம். பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. கான்ட்ராக்டர் ஒரே ஒரு தகவல்தான் சொல்கிறார்: 'வாங்கின தேங்காய்களோட மொத்த எடை, எலுமிச்சைகளோட மொத்த எடையைப்போல 8 மடங்கு.' அப்படியென்றால் ஒரு பையில் எத்தனை எலுமிச்சை?

ஒன்று என்றால், ஒரு தேங்காய் ஒரு எலுமிச்சையைப்போல 8 மடங்கு கனம். இரண்டு என்றால், 16 மடங்கு கனம். இரண்டு பதிலுமே கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. எண்ணிக்கை தெரிய வேண்டுமென்றால் ஒற்றைக் காயின் எடை தெரிய வேண்டும். ஒற்றைக் காயின் எடை தெரிய வேண்டுமென்றால் எண்ணிக்கை தெரிய வேண்டும். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்.

தண்ணீரிலும் இதே சிக்கல்தான். அதிலுள்ள ஆக்சிஜனின் எடை, ஹைட்ரஜனின் எடையைப்போல 8 மடங்கு. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது.

நவீன அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டன், இங்கிலாந்தில் ஒரு நெசவாளியின் மகன். 12 வயதிலேயே கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கியவர். 1808-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் தண்ணீருக்கு அவர் கொடுத்த வடிவம், ஒரு ஹைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு. அதாவது எச்.ஓ. காரணம் ரொம்ப எளிமையானது. இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் உருவாகிறது என்றால், அது ஒன்றுக்கு ஒன்று என்றுதான் இருக்க வேண்டும் என அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். அதே இரண்டு தனிமங்களாலான ஹைட்ரஜன் பெராக்சைடு கண்டுபிடிக்கப்பட்டது 1818-ல்தான். எனவே 1808-ல் அந்த இரண்டு தனிமங்களும் சேர்ந்த சேர்மமாக டால்டனுக்குத் தெரிந்திருந்தது தண்ணீர் மட்டும்தான்.

எண்ணாமலே எண்ணிய வக்கீல்

பாரிஸில் கே-லூசாக் என்றொரு விஞ்ஞானி. பலூனில் ஏறி 7,000 மீட்டர் உயரம் வரை போய் காற்றைப் பிடித்துவந்த துணிச்சல்காரர். அவர் வாயுக்களை எடையாக இல்லாமல் கொள்ளளவாக அளந்தார். 2 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 பங்கு நீராவி கிடைக்கிறது. மற்ற வாயுக்களிலும் இப்படியே 1, 2, 3 என்று முழு எண்களாகவே வந்தன. 1808-ன் கடைசி நாளில் இதை அவர் அறிவித்தார். டால்டன் இதை நம்பவில்லை. அளவீட்டில் ஏதோ பிசகு என்றார்.

அவர் மறுத்ததிலும் நியாயம் இருந்தது. ஒரே அளவுள்ள டப்பாக்களில் ஒரே எண்ணிக்கையில் வாயுத் துகள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டப்பாவுக்கு 100 துகள். அப்போது 200 ஹைட்ரஜனும் 100 ஆக்சிஜனும் சேர்ந்து 200 தண்ணீர்த் துகள்கள் வர வேண்டும். ஒவ்வொரு தண்ணீர்த் துகளுக்கும் குறைந்தது ஒரு ஆக்சிஜனாவது வேண்டுமே? இருப்பதோ 100. அணுவை அரையாக வெட்டினால்தான் கணக்கு நேராகும். அணுவைப் பிளக்க முடியாது என்பதுதான் டால்டன் கொள்கையின் அடித்தளமே!

இந்த முடிச்சை அவிழ்த்தவர், இத்தாலியின் வெர்செல்லி நகரில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அமேடியோ அவகாட்ரோ. சட்டம் படித்து, அதன்பிறகு அறிவியலுக்கு வந்தவர். 1811-ல் அவர் எழுதிய கட்டுரை சொன்னது இதுதான்: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கொள்ளளவுள்ள எல்லா வாயுக்களிலும் துகள்களின் எண்ணிக்கை சமம். ஆனால் ஆக்சிஜன் வாயுவின் துகள் ஒற்றை அணு அல்ல, ஒரு ஜோடி. 100 ஜோடி பிரிந்தால் 200 அணு. வெட்ட வேண்டியது அணுவை அல்ல, ஜோடியைப் பிரித்தால் போதும். ஹைட்ரஜனும் அப்படியே ஜோடி. 200 ஜோடி பிரிந்தால் 400 அணு. இப்போது 200 தண்ணீர்த் துகளுக்குப் பங்கு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்.

இவ்வளவு அழகான விடை கிட்டத்தட்ட 50 வருடம் தூங்கியது. 'ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று தள்ளத்தானே செய்யும், எப்படி ஜோடி சேரும்?' என்பது அன்றைய பெரியவர்களின் கேள்வி. ஸ்வீடனின் பெர்சீலியஸ் தண்ணீரை எச்.டூ.ஓ என்றே எழுதினார். ஆனால் அவரும் ஜோடி ஆக்சிஜனை ஏற்கவில்லை. அவருக்குப் பின் பல பாடப்புத்தகங்கள் மறுபடியும் எச்.ஓ-வுக்குப் போயின. குழப்பம் எந்த அளவுக்கு முற்றியது என்பதற்கு ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலேயின் 1861 பாடப்புத்தகமே சாட்சி. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு அப்போது புழக்கத்தில் இருந்த 19 விதமான ஃபார்முலாக்களை அவர் அதில் வரிசைப்படுத்திக் காட்டினார். ஒரே அமிலம், 19 ஃபார்முலா. அந்தக் காலத்து மாணவர்கள்தான் பாவம்!

வீட்டுக்குப் போகும் வழியில் படித்த கையேடு

இனியும் தாங்காது என்று 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். சுமார் 140 பேர். இதுபோன்ற சர்வதேச மாநாடு வேதியியலில் அதுதான் முதல் முறை. மூன்று நாள் பேசியும் முடிவு எட்டப்படவில்லை. அறிவியலை ஓட்டுப் போட்டா தீர்மானிப்பது என்ற முணுமுணுப்பு வேறு.

அங்கே அவகாட்ரோவுக்காக வாதாடியவர் ஸ்டானிஸ்லாவ் கனிசாரோ. இளம் வயதில் சிசிலி புரட்சியில் பங்கெடுத்து, அது தோற்றதும் நாட்டை விட்டுத் தப்பியோடியவர். ஊர் திரும்பி ஜெனோவாவில் பாடம் நடத்தியபோது, மாணவர்களுக்குப் புரியும்படி அணு எடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 1858-ல் ஒரு சின்னக் கையேடு எழுதினார். மாநாடு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், அவருடைய நண்பர் பவேசி அந்தக் கையேட்டைக் கைக்குக் கை கொடுத்தனுப்பினார்.

அதை ஊர் திரும்பும் வழியிலேயே படித்தார் 30 வயது லோதர் மேயர். கண்ணை மறைத்திருந்தது விலகியதுபோல் இருந்தது என்று பிற்பாடு எழுதினார். அதே கூட்டத்தில் ரஷ்யாவிலிருந்து வந்திருந்த 26 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் மெண்டலீஃப். சரியான அணு எடைகள் கைக்கு வந்த 9-வது ஆண்டில், 1869-ல், அவருடைய தனிம அட்டவணை வெளியானது. மேயரும் தனியாக ஓர் அட்டவணை தயாரித்திருந்தார்.

அவகாட்ரோ இதையெல்லாம் பார்க்கவில்லை. 1856-லேயே காலமாகிவிட்டார்.

602 கோடி கோடி கோடி

அணு எடை தெரிந்துவிட்டது என்றால், எண்ண முடியாததை எடை போட்டே எண்ணிவிடலாம். ஹார்டுவேர் கடையில் யாரும் ஆணியை எண்ணிக் கொடுப்பதில்லை. ஓர் ஆணியின் எடை தெரிந்தால், அரைக் கிலோவில் எத்தனை என்று சொல்லிவிடலாம். ஹைட்ரஜன் அணுவின் எடை 1 என்றால் கார்பன் 12, ஆக்சிஜன் 16. இந்த எண்களை அப்படியே கிராமில் எடுத்துக்கொண்டால், மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும். அந்த எண்ணிக்கைதான் ஒரு மோல். 100 வெற்றிலைக்குக் கவுளி, 12 வாழைப்பழத்துக்கு டஜன் என்பதுபோல, அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் மோல். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது என்பதால் எண்ணிக்கை பெரிதாக இருக்கிறது. நம்மூர் வழக்கப்படி சொன்னால், சுமார் 602 கோடி கோடி கோடி.

18 கிராம் தண்ணீர், அதாவது ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதல், ஒரு மோல். சமையல் உப்பு என்றால் சுமார் 58.5 கிராம். சர்க்கரை 342 கிராம். மூன்றின் எடையும் வேறு வேறு, எண்ணிக்கை ஒன்றே.

இந்த எண்ணைக் கண்டுபிடித்தது அவகாட்ரோ அல்ல. பிரான்ஸின் ஜான் பெரின், தண்ணீரில் மிதக்கும் மரப்பிசின் துகள்களின் அசைவை மைக்ரோஸ்கோப்பில் மணிக்கணக்கில் பார்த்து அளந்தார். 1909-ல் அதற்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவரும் அவரே. 1926-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'மோல்' என்ற சொல்லைத் தந்த ஆஸ்ட்வால்டோ, அணு என்று ஒன்று இருப்பதையே பல காலம் நம்பாதவர்! 2019 மே 20 முதல் இந்த எண்ணை இனி அளக்கவே வேண்டாம் என்று உலக நாடுகள் முடிவு செய்துவிட்டன. 6.02214076, பெருக்கல் 10-ன் அடுக்கு 23 என்று துல்லியமாக நிர்ணயித்துவிட்டார்கள்.

'சுகர் 6-தான் இருக்கா?'

பரீட்சை முடிந்ததும் மோல் போய்விடும் என்று நினைத்தால் அது நடக்காது. லண்டனில் இருக்கும் மகன் வீடியோ காலில், 'சாப்பிடறதுக்கு முன்னாடி சுகர் 6 இருந்துச்சும்மா' என்பார். மதுரையில் இருக்கும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடும். இங்கே 100-ஐ ஒட்டி இருந்தால்தானே நிம்மதி?

பயப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் ரத்தச் சர்க்கரையை எடையில் சொல்கிறார்கள், 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று. பிரிட்டனிலும் கனடாவிலும் எண்ணிக்கையில் சொல்கிறார்கள், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று. மில்லிமோல் என்றால் மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. அதனால் அவர்கள் சொல்லும் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம்மூர் எண் வந்துவிடும். மகனின் 6, அம்மாவின் 108. (தண்ணீரின் 18-க்கும் இந்த 18-க்கும் உறவில்லை.)

எண்ணிக்கை உயிரையே காப்பாற்றும் இடமும் உண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில், ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். எடையைப் பார்த்தால் குளுக்கோஸ் 5 மடங்குக்கும் மேல். மோலில் பார்த்தால், சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல். சரிசமம்! (சோடியத்தில் ஒரு பகுதி, பாக்கெட்டில் இருக்கும் சிட்ரேட் உப்பிலிருந்து வருகிறது.) குடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வாசல்கள் இருக்கின்றன. அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். அந்த வாசலுக்கு எடை தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும்.

முன்பு இருந்த ஃபார்முலாவில் சோடியம் 90, குளுக்கோஸ் 111. கரைந்திருக்கும் துகள்களின் மொத்த எண்ணிக்கை லிட்டருக்கு 311 மில்லிமோல். 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதை 245-ஆகக் குறைத்தன. குழந்தைகளுக்கு வாந்தி குறைந்தது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது.

அதனால்தான் பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும் தண்ணீர் அளவு முக்கியம். 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. அதை 'குழந்தை அவ்வளவு குடிக்காதே' என்று ஒரு டம்ளரில், 200 மி.லி. தண்ணீரில் மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால், சோடியம் 75-க்குப் பதில் 375 ஆகிவிடும். தண்ணீர் உள்ளே போவதற்குப் பதிலாக, உடம்பில் இருப்பதும் குடலுக்கு இறங்கும். குழந்தை குறைவாகத்தான் குடிக்கும் என்றால், 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டே தனியாகக் கிடைக்கிறது. பெரிய பாக்கெட்தான் கையில் இருக்கிறதென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து மூடி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் மீதத்தைக் கொட்டிவிடலாம்.