அமேசான் காட்டின் மொட்டை மலைகள்

1967 ஜூலை 31. பிரேசிலின் பாரா மாநிலத்தில், அமேசான் காட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது ஒரு ஹெலிகாப்டர். உள்ளே பிரேனோ டோஸ் சாண்டோஸ் என்ற இளம் புவியியலாளர். அமெரிக்க உருக்கு நிறுவனம் ஒன்றுக்காக மாங்கனீசு தேடி வந்தவர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடர்ந்த காடு. நடுவில் ஒரு மலையுச்சி மட்டும் மொட்டையாகக் கிடந்தது. எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கினார்கள். காலடியில் இருந்ததோ இரும்பு! சுற்றியுள்ள மலைகளிலும் அதே மாதிரி மொட்டைத் திட்டுகள். இன்று உலகின் மிகப் பெரிய இரும்புத்தாதுச் சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கும் கராஜாஸ் இப்படித்தான் வெளியே தெரிந்தது.

அங்கே மட்டும் ஏன் மரமில்லை? சுமார் 275 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இரும்பும் சிலிக்காவும் வரிவரியாகப் படிந்து உருவான பாறை அது. பின்னாளில் மேலெழுந்து, வெப்பமண்டல மழையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறியது. சிலிக்கா கரைந்துபோக, இரும்பு தங்கிவிட்டது. மேற்பரப்பில் தாதுத்துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஆமை ஓடுபோல இறுகின. அந்த ஓட்டை ‘காங்கா’ என்கிறார்கள் அவ்வூர் மக்கள். மண் ஒரு சாண்கூடத் தேறாது, நண்பகலில் பாறை கொதிக்கும். பெருமரம் எங்கே வேர்விடும்?

மழை செய்த அந்த வேலையால்தான் கராஜாஸ் தாதுவில் ஏறத்தாழ 65 சதவீதம் இரும்பு இருக்கிறது. உடைத்துச் சலித்தாலே போதும். கழுவத் தண்ணீர் வேண்டியதில்லை. இது சின்ன விஷயமல்ல. தாதுவைக் கழுவிய சேற்றை அணைகட்டித் தேக்கிவைத்த மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில்தான், 2019 ஜனவரி 25 அன்று புருமாதின்யோ அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் சுரங்கம் நடத்துவது வாலே என்ற ஒரே நிறுவனம். கராஜாஸில் 2016 டிசம்பரில் திறக்கப்பட்ட எஸ்11டி சுரங்கம், தாதுவைக் கழுவாமலும் ராட்சத லாரிகளை நம்பாமலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. வெட்டிய தாது கன்வேயர் பெல்ட்டிலேயே ஆலைக்குப் போகிறது. அங்கிருந்து 330 பெட்டிகள் கொண்ட ரயில்கள் 892 கிலோமீட்டர் தண்டவாளத்தில் சாவோ லூயிஸ் துறைமுகத்தை நோக்கிக் கிளம்புகின்றன. ஆண்டுக்கு 9 கோடி டன் எடுப்பதற்காகத் திட்டமிடப்பட்ட சுரங்கம் அது. பொறியியலில் பாராட்ட வேண்டிய சாதனைதான்.

ஆனால், தாதுவை எடுக்க முதலில் பெயர்ப்பது அந்தக் காங்கா ஓட்டைத்தான். மரம் வளராத அந்த ஓட்டில் வேறெங்கும் காணாத செடிகள் வளர்கின்றன. ‘கராஜாஸ் பூ’ அவற்றில் ஒன்று; சர்க்கரைவள்ளிக் கொடிக்கு உறவு. குழல் போன்ற சுடர்ச்சிவப்புப் பூக்களில் ரீங்காரச்சிட்டுகள் தேன் குடித்து மகரந்தம் பரப்புகின்றன. உலகிலேயே கராஜாஸின் வடக்கு மலைத்தொடரில் மட்டும்தான் இது இயற்கையாக வளர்கிறது. பெரிய சுரங்கக் குழிகள் அங்கேயும் இருக்கின்றன.

காங்கா நிலத்தைக் காக்க 2017-இல் பிரேசில் அரசு ஒரு தேசியப் பூங்கா அமைத்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆயினும் அந்தப் பூங்கா இருப்பது வேறு மலைகளில். பெயர்த்த காங்கா ஓட்டைப் பழையபடி திரும்பச் செய்வது மிகக் கடினம். வடக்கு மலையில் எஞ்சியிருக்கும் திட்டுகளைத் தோண்டாமல் விட்டுவைப்பதே அந்தப் பூவைக் காக்கும் வழி.