ஸ்பிரிங்வெளியில் வண்ணத்துப்பூச்சி பிடித்தோம்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். பனி விலகி வெயில் விழுந்ததும், தேயிலை மலையின் ஓரத்து நாயுண்ணிப் புதர்களில் வண்ணத்துப்பூச்சிகள் சிறகை விரித்து அசையாது அமர்ந்திருக்கும். அவை சோம்பியிருக்கவில்லை, குளிர் காய்கின்றன. உடலில் சூடேறினாலன்றி அவற்றின் பறக்குந் தசைகள் இயங்கா. விலையுயர்ந்த கமரா இல்லாதவர்க்கு இயற்கை அளிக்கும் சலுகை இச்சிறு பொழுதே.

நம்மிடம் இருப்பதும் சாதாரணக் கமராதான். பூ அடையாளமிட்ட பொத்தானை அழுத்தினால் அருகிலுள்ளதைத் தெளிவாகக் காட்டும். அவ்வளவே அதன் வித்தை. எஞ்சியதெல்லாம் நம் காலடியில் இருக்கிறது. மெல்ல நெருங்க வேண்டும். நம் நிழல் பூச்சியின்மேல் விழலாகாது. விரித்த சிறகுக்கு நேராகக் கமராவைப் பிடித்தால் சிறகு முழுவதும் தெளியும். சாய்த்துப் பிடித்தால் ஒரு பாதி மங்கும். பத்துப் படம் எடுத்தால் ஒன்பது பாழாகும். அதற்கு வருந்துவோர் இவ்வேலைக்கு வரவேண்டியதில்லை.

முன்னாளில் இப்பூச்சிகளை அறிய விரும்பியோர் வலைவீசிப் பிடித்து ஊசியிற் குத்தினர். அன்றேல் தூரிகை ஏந்தினர். 1880 முதல் 1887 வரை லண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்த பிரெடரிக் மூரின் இலங்கைப் பூச்சி நூலுக்கு, நம் நாட்டு டி அல்விஸ் சகோதரர் வரைந்த சித்திரங்களே துணைநின்றன. இன்று கைப்பேசியுள்ள மாணவனும் அவ்வேலையைச் செய்யலாம். ஆனால், படத்தை அனுப்பும் அவசரத்தில் ஓவியர் விடாத நுணுக்கத்தை நாம் விட்டுவிடுகிறோம். நாமே அவ்வாறு ஏமாந்தோம்.

லயத்துக்குப் பின்னால் நின்ற கறிவேப்பிலை மரத்தருகே, கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பொட்டுகளும் கொண்ட ஒன்றைப் படமெடுத்தோம். அதைச் சுருக்கி, பூச்சிகளை நன்கறிந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினோம். 'சிவப்புடல் அழகி' என்று பதில் வந்தது. ஐயந் தீராது மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உடல் கறுப்பு!

சிவப்புடல் அழகியின் புழு ஈசுவரமூலி இனக் கொடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலிற் சேர்த்துக்கொள்ளும். ஆதலின் பறவைகள் அதனை ஒதுக்கிவிடும். நஞ்சற்ற கறிவேப்பிலை அழகியின் பெண்களிற் சில, அதன் வேடம் புனைந்து உயிர் தப்புகின்றன. சிறகில் வேடம் அத்தனை பொருத்தம். உடலின் நிறம் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த உடலைத்தான் நாம் சுருக்கித் தொலைத்தோம்.

கணக்கைப் பாருங்கள். படம் 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உடையது. பூச்சி அகலத்திற் கால்பங்கு, அதாவது 1000 புள்ளி. சிறகு விரித்த அகலம் 9 சென்ரிமீற்றர், உடற் பருமன் 5 மில்லிமீற்றர் என்று கொண்டால், உடலுக்குக் கிடைப்பன ஏறத்தாழ 55 புள்ளிகள். முழுப்படத்தையும் 400 புள்ளி அகலத்துக்குச் சுருக்கினால் உடலுக்கு எஞ்சுவன ஐந்தாறு புள்ளிகளே! 1200 புள்ளிக்குச் சுருக்கினாலும் பதினாறுதான். மாறாக, வெறும் புதரை வெட்டியெறிந்து, பூச்சியைச் சூழ்ந்த 1200 புள்ளி அகலத்தை மட்டும் எடுத்தால் அந்த 55 புள்ளிகளும் அப்படியே நிற்கும். அனுப்பும் படத்தின் அளவோ இரண்டிலும் ஒன்றே. ஆகவே முதலில் வெட்டுதல், தேவையாயிற் பின்னர் சுருக்குதல்.

இவற்றையும் பிரதியிலேயே செய்யவேண்டும். வெட்டிய படத்தைத் திரும்பத் திரும்பச் சேமித்தாலும் தெளிவு குன்றும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது தானே சுருக்குவதோடு, எடுத்த நாள், நேரம் பற்றிய குறிப்பையும் களைந்துவிடும்; ஆவணமாக அனுப்பினால் இரண்டும் பிழைக்கும். மூலம் நம்மிடம் இருந்ததாலன்றோ பிழை வெளிப்பட்டது!

வெட்டிய படத்தை நண்பருக்கு மீண்டும் அனுப்பினோம். "பெண்ணாயின் முட்டையிட வந்திருக்கும், தளிர்களைப் பாருங்கள்" என்றார். சில தினங்கள் கழித்துப் பார்த்தபோது, ஓர் இலைமேல் பறவை எச்சம்போல் சின்னஞ்சிறு புழுவொன்று கிடந்தது. அதையும் படமெடுத்தோம், இம்முறை வெட்டியே அனுப்பினோம்.