குமட்டலை அடக்கும் மணிக்கட்டுப் புள்ளி

கப்பலிலும் காரிலும் போகும்போது குமட்டல் வராமலிருக்க, மேல்நாட்டு மருந்துக்கடைகளில் ஒரு கைப்பட்டை விற்கிறார்கள். விளையாட்டு வீரர்கள் அணியும் பட்டை மாதிரிதான் இருக்கும். உட்புறத்தில் மட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குமிழ். அந்தக் குமிழ் அழுத்தும் இடத்துக்கு சீன மருத்துவத்தில் நெய்குவான் என்று பெயர். ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற பழைய சீன மருத்துவ நூலிலேயே இடம்பெற்ற புள்ளி இது.

உடலில் ‘சி’ எனும் உயிராற்றல் பன்னிரண்டு முதன்மை நாளங்கள் வழியே ஓடுகிறது என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. அவற்றுள் ஒன்றான இதய உறை நாளம் மார்பில் தொடங்கி, கையின் உட்புறமாக இறங்கி, நடுவிரல் நுனியில் முடிகிறது. அதிலுள்ள ஒன்பது புள்ளிகளில் ஆறாவதுதான் நெய்குவான். வாந்தி, விக்கல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு இங்கே ஊசி குத்துவது வழக்கம்.

இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இடது உள்ளங்கையை மேலே பார்க்கும்படி நீட்டுங்கள். மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, முழங்கைப் பக்கமாக, வலது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்துக் குறுக்கே வையுங்கள். அந்த மூன்று விரல் அகலம் முடியும் இடத்தில், நட்டநடுவே, இரண்டு தசைநாண்களுக்கு இடைப்பட்ட பள்ளம்தான் நெய்குவான். கையை இறுக மூடி மணிக்கட்டை லேசாக மடக்கினால் தசைநாண்கள் புடைத்துத் தெரியும். சிலருக்கு ஒன்றுதான் தெரியும். மற்றது அவர்களுக்குப் பிறவியிலேயே இருக்காது, அதனால் குறையொன்றும் இல்லை. அளக்க வேண்டியது அவரவர் விரலால்தான். குழந்தையின் கைக்குக் குழந்தையின் விரல் அகலமே கணக்கு.

நாளங்கள் இருப்பதற்கு உடற்கூறியலில் சான்று கிடையாது. ஆனால் இந்தப் புள்ளிக்கு நேர்கீழே கையின் முக்கிய நரம்புகளில் ஒன்றான மீடியன் நரம்பு ஓடுகிறது. 1980களில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் மயக்க மருந்தியல் பேராசிரியர் ஜான் டண்டி, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியை நெய்குவான் குறைக்கிறதா என்று சோதித்தார். குறைத்தது. அதே இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டபோது அந்தப் பலன் மறைந்தது. தூண்டுதல் நரம்பு வழியாகத்தான் போகிறது என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்த்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டல் பற்றிய 59 ஆய்வுகளை 2015இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட நெய்குவானில் தூண்டுதல் பெற்றவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் குறைவு. வாந்தி மருந்துகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆய்வுகள் பலவற்றின் தரம் குறைவு என்பதையும் அந்தத் தொகுப்பே சொல்லிவிட்டது. கர்ப்பகால மசக்கைக்கும் பயணக் குமட்டலுக்கும் கிடைத்த முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் இந்த அளவுக்குக்கூடச் சான்று இல்லை.

பஸ்ஸில் வயிற்றைப் புரட்டினால் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பாருங்கள். செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஊசி என்றால் முறையாகப் பயின்றவரிடம், புதிய ஊசியில் மட்டுமே. கீழே இருப்பது நரம்பு. ஓயாத வாந்திக்கு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.