லாக்கில் இல்லாத ரயில்

உங்கள் கைப்பேசியில் உள்ள ஒவ்வொரு செயலியும் பின்னால் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கிறது. எத்தனை மணிக்கு, எந்த சர்வரில், என்ன ஆச்சு? அதுதான் லாக். "அப்போ கோளாறு வந்தா லாக்கைப் பார்த்தா போதுமே" என்பீர்கள். போதாது.

2016 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சிங்கப்பூரின் வட்ட ரயில்பாதையில் ரயில்கள் அடிக்கடி சமிக்ஞையை இழந்தன. திடீர்னு பிரேக் போட்டு நின்றன. நேரம், இடம், ரயில் எண், திசை எல்லாம் பதிவாகியிருந்தன. காரணம் மட்டும் பிடிபடவே இல்லை.

நவம்பர் 5ஆம் தேதி, அரசாங்கத் தரவு ஆய்வாளர்கள் அதே பதிவை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் நிலையங்கள். ஒரு ரயில் பாதிக்கப்பட்டால், கொஞ்ச நேரத்தில் அதற்குப் பின்னால் வரும் ரயிலுக்கும் அதே கதி. அப்படின்னா, எதிர்த்திசையில் ஏதோ ஒன்று போகிறது! நிலையக் காணொளிகளோடு ஒப்பிட்டதும் சிக்கியது, பிவி46 ரயில். மறுநாள் சோதனையில் அது உறுதியானது. தவறான சமிக்ஞைகளை அனுப்பிய அந்த ரயிலுக்கு மட்டும் எந்தப் பாதிப்பும் இல்லை. அதனால்தான் அது பதிவில் வரவே இல்லை.

மென்பொருளிலும் இதே கதைதான். கட்டணச் செயலி 'பதில் வரவில்லை' என்று புலம்பும். தாமதம் வேறொரு சேவையில் இருக்கும். அதனால்தான் பொறியாளர்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது போகும் எல்லாச் சேவைகளிலும் அதே எண்ணைப் பதிகிறார்கள். சர்வர் கடிகாரங்களையும் ஒன்றாக ஓடவைக்கிறார்கள். அன்று காணொளியின் நேரம் சில நிமிடம் பிசகியிருந்தால், வேறு ரயில் மாட்டியிருக்கலாம்.