ஓநாயும் ஆட்டுக்குட்டியும்: ஒரு கொலையாளியின் மௌனம்

‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ மிஷ்கின் எழுதி, இயக்கி, தயாரித்து, முதன்மைப் பாத்திரத்திலும் நடித்த குற்றத் திரைப்படம். 2013 செப்டம்பரில் வெளிவந்தது. கதை பெரும்பாலும் இரவுச் சென்னையில் நடக்கிறது. பாடல்கள் இல்லை; பின்னணி இசை இளையராஜா.

தமிழ்ப் படங்களில் கூலிக்கொலையாளி திரையில் நுழைவதே ஓர் ஆர்ப்பாட்டமாக இருக்கும். இங்கே அவன் குண்டடிபட்டுச் சாலையில் கிடக்கிறான். மருத்துவ மாணவன் சந்துரு (ஸ்ரீ) அவனைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். எங்கும் சேர்த்துக்கொள்ளாததால் வீட்டிலேயே அறுவை செய்து காப்பாற்றுகிறான். அதுவரை மிஷ்கினுக்கு நடிப்பு என்று ஒன்றுமில்லை, வெறும் உடல்தான். பிறகும் ‘ஓநாய்’ எனப்படும் இந்த மனிதன் அதிகம் பேசுவதில்லை. முகத்தில் கோபமோ பயமோ எளிதில் தெரிவதில்லை. ஓடுகிறான், ஒளிகிறான், யாரையோ தேடுகிறான்.

இவ்வகை நடிப்புக்கு உலகம் காட்டும் முன்னோடி, ழான்-பியர் மெல்வில் இயக்கிய பிரெஞ்சுப் படமான ‘லே சாமுராய்’ (1967). அதில் அலென் தெலோன் ஏற்ற ஜெஃப் காஸ்டெல்லோ, கூண்டுப் பறவை ஒன்றைத் தவிர துணையில்லாதவன். படத்தின் முதல் பத்து நிமிடங்களுக்கு அருகில் வசனமே கிடையாது. ஆனால் தெலோனின் மௌனம் தொழில் ஒழுக்கம். மிஷ்கினின் மௌனம் குற்றவுணர்ச்சி. தவறுதலாக ஓர் இளைஞனைக் கொன்றுவிட்டு, அவனுடைய பார்வையற்ற குடும்பத்தைக் காக்க ஓடுகிறவன் அவன். அவனுக்கு மிக நெருங்கிய அந்த மனிதர்கள் அவன் முகத்தைப் பார்க்கவே முடியாது. குரலும் தொடுகையும் மட்டும்தான் அவர்களை எட்டும்.

அதனால்தான் கல்லறைத் தோட்டக் காட்சி இவ்வளவு வலுவாக இருக்கிறது. சிறுமி கதை கேட்கிறாள். ஓநாய், கரடி, ஆட்டுக்குட்டி என்று காட்டுக்கதை போலத் தன் கதையையே சொல்லத் தொடங்குகிறான். வேறொரு படத்தில் இருபது நிமிட ‘ஃப்ளாஷ்பேக்’ ஆகியிருக்கும். இங்கே கடந்தகாலத்தின் ஒரு காட்சிகூடக் காட்டப்படுவதில்லை. கேமரா அவனை விட்டு நகராமல் நிற்க, அவன் பேசுகிறான். குழந்தைக்குச் சொல்லும் தொனியைக் காப்பாற்றப் பார்க்கிறான், குரல் உடைகிறது. அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் இங்கே வெளியே வருகிறது. முன்பே இரண்டு இடங்களில் அழுதிருந்தால் இது இன்னுமோர் அழுகைக் காட்சியாக முடிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த அடக்கம் நடிகர் ஒருவரால் மட்டும் வந்ததல்ல. முகம் மறைத்ததைப் பல இடங்களில் இளையராஜாவின் இசை சொல்லிவிடுகிறது, சில இடங்களில் தேவைக்கு மேலாகவே.