பழைய வேனின் பிரேக்: பயணம் போகுமுன் கவனிக்க வேண்டியவை



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம் லயங்களில் வேன் பிடித்துப் பயணம் போகிற பேச்சும் தொடங்கிவிடும். திருகோணமலைக்கு என்றால் கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர் ஊற்று, கடற்கரை என்று இரண்டு மூன்று நாளாகும். அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பாய், தலையணை எல்லாம் வேனிலேயே ஏறும். அந்த நாட்களில் வேன்தான் நமக்கு வீடு. வாடகை எவ்வளவு, பாட்டுப் பெட்டி உண்டா என்று கேட்கிறோம். பிரேக் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ் கட்டுப்பாட்டை இழந்து, வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. 7 பேர் மாண்டார்கள். நம் மலைப் பாதைகளில் பிரேக் என்பது உயிர் விஷயம்.

எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கு கிழக்குக்குப் போய்க் குடியேறியவர்களில் என் மாமாவும் ஒருவர். கண்டி வீதியில், கப்பல்துறையில் இருக்கிறார். லொறி வேலை தெரிந்தவர். அவர் வீட்டுக்குப் பழைய டீசல் வேன் ஒன்றில் புறப்பட்டோம். றம்பொடை இறக்கத்தில் கருகல் வாடை வந்தது. டிரைவர் தம்பி மிதித்த பெடல் பாதிக்கு மேல் உள்ளே போனது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி நின்றது. "இப்ப நல்லாத்தானே பிடிக்குது, பயப்படாதீங்க" என்றார். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வரை சமதரையில் ஒரு குறையும் தெரியவில்லை.

மாமா கேட்டதும் தலையை ஆட்டினார். "சூடானா போகுது, ஆறினா வருதுன்னா எண்ணெய் கெட்டுப்போச்சு. நாளைக்கு நீங்க ஏறுற மலையில இறக்கமும் இருக்குல்ல?" என்றார். மறுநாள் காலை வாசலிலேயே பார்த்தார்.

மாமா செய்த சோதனைகள்

முதலில் என்ஜினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு தரம் மிதித்து, பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். பெடல் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் பம்பில் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது எங்காவது எண்ணெய் ஒழுகும். எங்கள் வேனில் இறங்கியது.

அப்படியே மிதித்த காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்தார். அப்போது பெடல் கொஞ்சம் கீழே போக வேண்டும். போனால் பூஸ்டர் நல்லது. கல் மாதிரி அப்படியே நின்றால் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கோளாறு. எங்கள் வேனில் இது சரியாக இருந்தது.

பிறகு நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்தார். பின்பக்க இடது சக்கரம் ஈரமாக இருந்தது. வீல் பம்ப் ஒழுகி லைனர் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. டப்பாவில் இருந்த பிரேக் எண்ணெயோ கடுஞ்சாயம் போலக் கறுத்திருந்தது.

எண்ணெய் ஏன் கெடுகிறது?

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டொட் 3' என்ற சாதாரண எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறியபின் 140 பாகையளவிலேயே கொதித்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே பெடல் உள்ளே போகிறது, சக்கரம் பிடிப்பதில்லை. ஆறியதும் ஆவி மறைந்துவிடுவதால் கராஜில் பார்த்தால் குறை தெரியாது. இதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள். குறைந்தால் என்ஜின் ஒயிலை ஊற்றவே கூடாது. ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

வேறு அடையாளங்கள்

பெடல் பஞ்சு போல இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. முதல் மிதிக்குத் தாழ்ந்து, இரண்டாம் மிதிக்கு உயர்ந்தால் பின் லைனரை நெருக்கி வைக்க வேண்டும். மிதிக்கும்போது வேன் ஒரு பக்கம் இழுத்தால் மற்றப் பக்கச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டால் லைனரோ பேடோ தேய்ந்து தீர்ந்துவிட்டது. ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள்.

இறக்கத்தில்

எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், என்ஜினை நிறுத்துவதும் கூடாது. நிறுத்தினால் பூஸ்டரின் உதவியும் போய்விடும். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பிரேக் போய்விட்டால் கியரைக் குறைத்து, பெடலை விட்டுவிட்டு வேகமாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கமே அணைக்க வேண்டும்.

எங்கள் வேனுக்குப் பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் வீல் பம்பும் லைனரும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, காற்றெடுத்து முடிய அன்று மாலையாகிவிட்டது. மறுநாள் பெடலை அழுத்திப் பார்த்தபின்தான் மாமா எங்களை அனுப்பினார். எங்களுக்கு ஒரு நாள் பேர் போயிற்று. பிள்ளைகளோடு எல்லோரும் வீடு வந்து சேர்ந்தோம்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் டிரைவரிடம் பணிவாகக் கேளுங்கள்: "தம்பி, பிரேக் எண்ணெய் எப்ப மாத்தினீங்க?" பெடலை அழுத்திக் காட்டவும் சொல்லுங்கள். வழியில் வாடை வந்தால், பெடல் தாழ்ந்தால், "நிப்பாட்டுங்க" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நல்ல டிரைவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.